வராதவரின் கதிரை

“எழும்புங்கோ தங்கச்சி, அதில ஆள் இருக்கு.”

மிஸ் என்னோடு பேசிய முதல் வசனம் இதுதான். துள்ளி எழும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை. அதன் ஒரு கால் வெடித்து, வலை பின்னுகிற நைலோன் நூலால் வரிந்து கட்டியிருந்தது. ஆள் என்று சொல்ல அதில் ஓர் எறும்புகூட இல்லை.

“ஆர் மிஸ்?”

“அது இன்னும் தெரியாது. எல்லாரும் வந்து முடியட்டும். பேந்து பாப்பம், ஆர் வரேல்லை எண்டு.”

கட்டைபறிச்சான் பக்கம், களப்போரத்தில் இருக்கிற மீனவர் சங்கக் கட்டடத்தில் அன்றைக்குக் கூட்டம். களப்பு என்றால் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்து நிற்கிற இடம். சேற்றில் வேர் ஊன்றி நிற்கிற கண்டல் காடு, இறால், நண்டு, வானம் நிறையக் கொக்கு. எங்கள் களப்பைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அரசாங்கம் அறிவித்திருந்தது. அறிவித்தால் போதுமா? யார் எங்கே வலை போடலாம், கண்டலை யார் பார்ப்பது, மாரியில் தண்ணீரைக் கடலுக்குத் திறந்துவிடுவது யார், எப்போது, எல்லாவற்றுக்கும் ஒரு முகாமைத்துவத் திட்டம் எழுதியாக வேண்டும். எழுதுகிற குழுவுக்கு மிஸ் பொறுப்பு. நான் வரைபடக்காரி. புவியியல் படித்து, ட்ரோன் பறக்கவிடப் பழகி, திருகோணமலை நகரத்தில் வேலை தேடிக் களைத்திருந்த எனக்கு இந்த வேலை கிடைத்தபோது, இந்தக் களப்பு எனக்காகவே உருவானது என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு துடிப்பு.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், “அந்தப் பெயர்க்காரி இங்க இல்லையே, அவவிட்டக் கேட்டனீங்களோ?” என்று கேட்பார். அவருடைய குணமே அதுதான். எந்த இடத்தில் யார் இல்லையோ, அந்த இடத்தில் அவருக்காகக் கதைப்பார்.

வயல்காரரின் கூட்டத்தில் மீன்பிடிகாரருக்காகக் கதைப்பார். மீன்பிடிகாரரின் கூட்டத்தில் வயல்காரருக்காகக் கதைப்பார். கதைக்கத் தொடங்க முதல் எழும்பிப் போய் அந்த நீலக் கதிரைக்குப் பின்னால் நிற்பார். இரண்டு கையையும் அதன் முதுகில் வைப்பார். அவ்வளவுதான், ஆள் மாறிவிடும். குரல்கூடக் கொஞ்சம் மாறும். “இப்ப நான் மூதூர்த் தோணிக்காரன். கேளுங்கோ.” கேட்டுக்கொண்டிருக்கிற வயல்காரருக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ஒருநாள் திருகோணமலை ரவுணில், எங்கள் ஒபிசில், வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் களப்பின் வரைபடத்தைத் திரையில் போட்டார். நான் வரைந்ததுதான். கண்டல் காடு சிவப்பு: ஒருவரும் கை வைக்கக்கூடாது. மற்றது மஞ்சள்: வலை போடலாம். வர்ணமெல்லாம் எடுப்பாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிபுணர் பேசி முடித்ததும் மிஸ் கதிரைக்குப் பின்னால் போனார். ஒபிசில் அந்த நீலக் கதிரை இல்லை. கிடைத்த கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

“சேர், இப்ப நான் நண்டு.”

“என்ன?”

“பெண் நண்டு. வயித்தில முட்டை. மாரி தொடங்கினா நான் முகத்துவாரத்தால கடலுக்குப் போய்த்தான் முட்டை விடவேணும். நீங்கள் என்ர வீட்டைச் சிவப்பாக்கிப் பாதுகாத்துப் போட்டீங்கள், பெரிய உபகாரம். ஆனா வீட்டில இருந்து கடலுக்குப் போற பாதை முழுக்க மஞ்சள். முழுக்க வலை. நான் என்ன, பறந்தோ போறது?”

நிபுணர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று பின்னேரமே சிவப்பிலிருந்து முகத்துவாரம் வரை ஒரு பாதை வரைந்தேன்: மாரியில் மட்டும் வலை போடாத பாதை. ஒரு நண்டு என் வரைபடத்தைத் திருத்தியதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா, “வேலை இடத்தில எல்லாரும் சுகமாத்தானே இருக்கினம்?” என்று கேட்டார்.

அவரோடு வேலை செய்வது சுகமாக இருந்தது என்று சொல்ல ஏலாது. யாரைப் பற்றியும் ஒரு சின்ன முறைப்பாடு சொல்ல வழியில்லை. வாகனம் ஓட்டுகிற சாரதி அண்ணன் பிந்தி வந்தால், “இவருக்கு எப்பவும் இதுதான்” என்று நான் வாய் திறந்தவுடன், “அவற்ற பிள்ளைக்குக் காய்ச்சலாக்கும்” என்பார். சாரதி அண்ணனே வந்து, “இல்லை மிஸ், நித்திரை கொண்டிட்டன்” என்று உண்மையைச் சொன்ன பிறகும், “அப்ப ராவில சரியா நித்திரை இல்லைப் போல” என்பார். அவருடைய சொந்தத் தங்கச்சியின் கலியாணப் பேச்சிலே மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போன பிறகு, மாப்பிள்ளை வீட்டுக்காக வாதாடி நாள் தள்ளிவைத்தவர் அவர். இதை அவருடைய அம்மாவே எனக்குச் சொன்னார். நாங்கள் ஒருமுறை சாம்பல்தீவில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். அம்மா மீன் வெட்டிக்கொண்டே, “ஊருக்கெல்லாம் கதைப்பாள் பிள்ளை, எனக்காக ஒருநாளும் கதைச்சதில்லை” என்றார்.

“நீங்கள்தான் எப்பவும் இங்க இருக்கிறீங்களே அம்மா!” என்று குசினிக்குள்ளிருந்து மிஸ் கத்தினார்.

சாம்பல்தீவு கடற்கரைக் கிராமம். மிஸ்ஸின் அப்பா கடலுக்குப் போகிறவர். “நான் வலைக்குள்ள பிறந்தனான்” என்று மிஸ் சொல்லும்போது கழுத்து ஒரு விரல் உயரும். அந்த ஒரு விரல் உயரம்தான் பின்னால் எங்களையெல்லாம் விழுத்தியது.

முகத்துவாரத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்ல ஏலாது. களப்பு கடலோடு சேர்கிற வாய்தான் முகத்துவாரம். வெயில் காலத்தில் அலை மண்ணைக் கொண்டுவந்து கொட்டி அந்த வாயை அடைத்துவிடும். மாரி தொடங்கினால் ஆற்றுத் தண்ணீர் வந்து நிறையும். வெளியே போக வழி இல்லை. தண்ணீர் ஏறி ஏறிக் கரையோர வயலுக்குள் போகும். அப்போது வயல்காரர் போய் மண் திட்டை வெட்டிவிடுவார்கள். மீன்பிடிகாரர் ஓடிவந்து மறிப்பார்கள், களப்பிலே வளருகிற இறால் எல்லாம் வெட்டின வழியால் கடலுக்குப் போய்விடுமே என்று. ஒவ்வொரு மாரியும் அடிபிடி. பொலிஸ் வரும். இப்போது பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் இரண்டு பகுதியும் கை வைக்க ஏலாது. திட்டம் சொல்லுகிறபடிதான் வெட்டலாம். திட்டத்திலோ அந்தப் பக்கம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. மாரி வர முதல் அந்தப் பக்கத்தை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பகுதிக்கு நெல் போகும், அல்லது மற்றப் பகுதிக்கு இறால் போகும்.

இரண்டு பகுதிக்கும் இரண்டு பேர். வயல்காரரின் தலைவர், வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை. விதானையார் என்றால் எல்லோருக்கும் தெரியும். கட்டைபறிச்சான் ஆள். மெதுவாகப் பேசுவார், பேசுகிறதெல்லாம் குத்தும். மீன்பிடிச் சங்கத் தலைவர் மூதூர்க்காரர். முஸ்லிம் ஆட்கள் அண்ணனை அழைக்கிறபடி நாங்களும் அவரை நானா என்போம். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதேயில்லை.

முதல் பெருங்கூட்டம் வயல்காரர், மீன்பிடிகாரர் இரண்டு பகுதியையும் ஒன்றாக வைத்துச் செய்வதாக இருந்தது. அதற்கு முதல்நாள் மலைப்பக்கம் மழை பெய்து, அன்று காலை களப்புக்குள் முதல் கலங்கல் தண்ணீர் இறங்கியது. கலங்கல் இறங்கினால் இறால் துள்ளும். களப்பில் தொழில் செய்கிற ஒருவரும் அன்று கரையில் நிற்கமாட்டார். கடற்கரைப் பிள்ளையான மிஸ்ஸுக்கு அது தெரியாது. கடலில் கலங்கல் என்றால் தோணியைக் கரையில் இழுத்துப் போடுகிற நாள். ஆகவே எல்லோரும் வருவார்கள் என்று நினைத்தார். சங்கக் கட்டடத்தில் ஒரு பக்கம் முழுக்க வயல்காரர். மற்றப் பக்கம் முழுக்க வெறும் கதிரைகள்.

“கூட்டத்தைத் தள்ளி வைப்பமே மிஸ்?” என்றேன்.

“வேண்டாம். எனக்குத் தெரியும் அவையின்ர பிரச்சினை.”

நீலக் கதிரைக்குப் பின்னால் போய் நின்றார். அன்று பேசியதைப் போல் அவர் வேறெப்போதும் பேசவில்லை. இறால் எப்படி வளர்கிறது, ஒரு குடும்பம் எப்படி அந்த இறாலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது, முகத்துவாரம் நேரத்துக்கு முதல் திறந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும், எல்லாம் பேசினார். “கொஞ்சம் பொறுங்கோ எண்டுதான் கேக்கிறம். தண்ணி உங்கட வரம்பைத் தொடுமட்டும் பொறுங்கோ. பேந்து வெட்டுங்கோ.” விதானையார் எழும்பி, “சரி பிள்ளை. அவங்களும் சீவிக்கத்தானே வேணும். இந்த முறை நாங்கள் பொறுக்கிறம்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வரும் வழி முழுக்க மிஸ் ஓட்டிய ஸ்கூட்டியின் பின்னால் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். மதகடியில் மட்டிச் சிப்பி பொறுக்குகிற பெண்கள் சேற்றுக்குள் நின்றார்கள். எப்போதும் போல இரண்டு பேரும் அவர்களுக்குக் கை காட்டினோம்.

வயல்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். தண்ணீர் வரம்பைத் தொடும்வரை பொறுத்தார்கள். அதற்குள் களப்பு வயிறு முட்ட நிறைந்துவிட்டது. மழை விடவில்லை. பயந்துபோன யாரோ பெக்கோ மெசினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மெசின் ஒரு வாய் மண் அள்ளினதுதான், அவ்வளவு தண்ணீரும் ஒரேயடியாகத் தள்ளிக்கொண்டு திட்டையே உடைத்தது. வெட்டு ஒரு ஆறாகிவிட்டது. ஒரு பகல் பொழுதுக்குள் களப்பு முழுக்கக் கடலுக்குப் போனது. இறால் போனது. மீன்குஞ்சு போனது. பள்ளத்து வயல்கள் அதற்கு முதலே தண்ணீருக்குள் தாழ்ந்துவிட்டன. நான் ட்ரோனை மேலே விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த சின்னத் திரையில் அது ஒரு பெரிய மண்ணிறப் பூ கடலில் விரிவது போலத் தெரிந்தது. இவ்வளவு வடிவாக ஒரு அழிவு தெரியக்கூடாது என்று எனக்குள் ஏதோ சொன்னது.

நானா ஈரச் சாரத்தோடு ஓடிவந்தார். “ஆரு மிஸ் உங்களுக்குச் சொன்ன, பொறுத்து வெட்டச் சொல்லி? ஆரு கேட்ட? எங்கட வாயால நாங்க எப்ப சொன்னோம்?”

மிஸ் முன்னால் இல்லாத கதிரையின் முதுகைத் தேடுவது போல இரண்டு கையையும் தூக்கி, திரும்ப இறக்கினார்.

அந்தக் கிழமையே தலைமை ஒபிசுக்குப் பெட்டிசம் போனது. ஒன்றல்ல, இரண்டு. விதானையார் ஆக்கள் எழுதினது: இவர் கடற்கரை ஆள், மீன்பிடிகாரருக்குச் சார்பு, எங்கள் வயலைத் தாழவிட்டார். நானா ஆக்கள் எழுதினது: இவர் வயல்காரருக்குச் சார்பு, எங்களுக்குத் தெரியாமல் அவர்களோடு பேசி முடித்தார். மிஸ் இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரும் உங்களை எதிர்க்கிறதெண்டா நீங்கள் நடுவில நிக்கிறீங்கள் எண்டுதானே மிஸ்?” என்று தேற்றப் பார்த்தேன்.

“இல்லை தங்கச்சி. நடுவில நிக்கேல்லை. அவையின்ர இடத்தில போய் நிண்டிட்டன்.”

இதற்குப் பிறகு அவர் பயந்து ஒதுங்கிவிடுவார் என்று நினைத்தேன். மழை விட்டு, வெயில் ஏறி, முகத்துவாரம் திரும்ப அடைபட்ட பிறகு, ஒருநாள் காலையில் வந்து மேசையில் தட்டினார். “வாங்கோ! கூட்டம் வைப்பம்!” கண் பளபளவென்று இருந்தது. “கதிரையில ஆளை இருத்தப் போறன்.”

இந்த முறை கூட்டத்துக்கான நாளை நானாவிடமே கேட்டுக் குறித்தார். வெள்ளிக்கிழமை வேண்டாம், கலங்கல் நாள் வேண்டாம், எல்லாம் கேட்டுத்தான். ஒருவரும் தவறாமல் வந்திருந்தார்கள். சண்டை பார்க்கத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறேன். மிஸ் நீலக் கதிரையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார்.

“விதானையார், இதில வந்து இருங்கோ.”

“ஏன் பிள்ளை, நான் உயிரோடதானே இருக்கிறன்? வராத ஆளுக்கெல்லோ அந்தக் கதிரை?”

“இதில இருந்தா நீங்கள் விதானையார் இல்லை. மீன்பிடிச் சங்கத் தலைவர். அவை என்ன கேக்கினம் எண்டு சொல்லுங்கோ. நானா கேட்டுக்கொண்டு இருப்பார். அவர் ஓம் எண்டு சொல்லுமட்டும் நீங்கள் எழும்ப ஏலாது.”

கட்டடம் அதிரச் சிரிப்பு. விதானையார் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, நூல் கட்டின காலைச் சந்தேகமாகப் பார்த்து, மெல்ல இருந்தார். தொண்டையைச் செருமினார். “நான் மூதூர்ச் சங்கத் தலைவர். எங்களுக்கு முகத்துவாரத்தை வெட்டவே கூடாது.”

“பிழை!” என்றார் நானா.

“சரி. வெட்டலாம், ஆனா கடைசியாத்தான் வெட்டவேணும்.”

“அதும் பிழை! போன முறை மிஸ் சொன்ன அதே பிழை!”

“அப்ப நடுவில?”

“நாள் கணக்கை விடுங்க விதானையார்! நாள் கணக்கையே பிடிச்சிட்டு நிக்கிறீங்க! நாங்க எப்பவாச்சும் நாளைப் பத்திக் கதைச்சிருக்கமா?”

“ஒவ்வொரு முறையும் வந்து மறிக்கிறியள், பேந்து என்னத்துக்கு மறிக்கிறியள்?”

“பெக்கோவை மறிக்கிறோம்! பெக்கோவை!” நானா எழும்பிவிட்டார். “உங்கட ஆக்கள் தண்ணி ஏறி முட்டின பிறகு வந்து மெசினை இறக்கிறீங்க. தண்ணி ஒரேயடியா உடைச்சிட்டு ஓடுது. என்ர இறால் அதோட போகுது. நீங்க முதல்லயே வாங்களன்! தண்ணி ஏறத் தொடங்கைக்குள்ளயே வாங்க! மண்வெட்டி எடுத்திட்டு வாங்க! ஒரு வாய்க்கால் போல ஒடுக்கமா வெட்டுங்க. தண்ணி மெல்ல மெல்ல இறங்கும். இறாலும் நிக்கும், உங்கட வயலும் நனையா!”

விதானையார் கதிரையில் இருந்தபடியே, “முதல்லயே வெட்டலாமோ?” என்று கேட்டார்.

“முதல்லயேதான்!”

“அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் என்னத்துக்கு அடிபட்டனாங்கள்?”

“அத நீங்கதான் சொல்லணும்! கதிரையில இருக்கிறது நீங்கதானே!”

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். ஒரு சின்னப் பிள்ளை போலக் கையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு நானாவைக் கதிரையில் இருத்தினார். நானா விதானையாராகி வயலுக்காகக் கதைக்க வேண்டும். நானாவும் இரண்டு தரம் பிழைத்தார். முதலில் வெட்டினால் அலை வந்து திரும்பவும் மூடிவிடுமே, பிறகு யார் வந்து வெட்டுவது என்பதுதான் வயல்காரரின் பயம் என்று மூன்றாம் தரம் கண்டுபிடித்தார். “அப்ப எங்கட பொடியன்மாரும் மண்வெட்டியோட வாறோம். மூட மூட வெட்டுவம்” என்றார், விதானையாராக இருப்பதை மறந்து. “ஓம்!” என்று விதானையார் கத்தினார். அவர் கத்தி நான் அன்றுதான் கேட்டேன்.

திட்டத்தின் அந்த வெள்ளைப் பக்கம் அன்று பின்னேரமே நிறைந்தது. பழைய பாலத்தின் தூணில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால் வெட்டலாம். மண்வெட்டியால் மட்டும். ஒடுக்கமாக. இரண்டு பகுதியும் நிற்கும்போது மட்டும். கோட்டை நான்தான் கீறினேன், தோணியில் நின்றபடி. தோணியின் ஒரு பக்கத்தை நானா பிடித்தார், மற்றப் பக்கம் விதானையாரின் மருமகன். இரண்டு பேரும் ஆட்டாமல் பிடித்தார்களா என்றால், இல்லை. கோடு கொஞ்சம் வளைவுதான்.

அடுத்த மாரிக்கு முதல் மிஸ்ஸுக்கு இடமாற்றம் வந்தது. பழைய பெட்டிசங்கள் மெல்ல மெல்ல ஊர்ந்து போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருந்தன. விதானையாரும் நானாவும் ஒரே ஓட்டோவில் ரவுணுக்கு வந்து பணிப்பாளரிடம் பெட்டிசத்தைத் திரும்பத் தரச் சொல்லிக் கேட்டார்கள். “அது போனா போனதுதான்” என்று பதில் கிடைத்தது. எனக்கு ஆத்திரம். “அந்த ஆளுக்கு ஒண்டும் தெரியாது மிஸ்!” என்றேன்.

“அவருக்கும் மேல ஒரு ஆள் இருக்குத்தானே தங்கச்சி” என்றார். அப்போதும் அங்கே இல்லாத ஆளுக்காகத்தான் கதைத்தார்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மழை வந்தது. ஒருநாள் காலை நானா போன் எடுத்து, “புள்ள, கோடு தொட்டிரிச்சி!” என்று கத்தினார். கிண்ணியாப் பாலத்தால் ஸ்கூட்டியில் பறந்தேன். நான் போகும்போது முகத்துவாரத் திட்டில் சனம் கூடிவிட்டது. இரண்டு பகுதியும் மண்வெட்டியோடு. நடுவில் நீலக் கதிரை. யாரோ சங்கக் கட்டடத்திலிருந்து மழைக்குள் தூக்கிவந்திருக்கிறார்கள். மிஸ்ஸின் இடத்துக்கு வந்த புது அதிகாரி குடையோடு நின்றார். நல்ல மனுசன், ஆனால் பயந்த மனுசன். வெட்டச் சொல்லி ஒப்பம் வைத்தால் நாளைக்கு யார் கேட்பார்களோ என்ற யோசனை. களைத்துப்போய்க் கதிரையில் இருக்கப் போனார்.

“அதில இருக்காதேங்கோ சேர்!” என்று சனம் முழுக்க ஒன்றாகக் கத்தியது.

“ஏன்?”

“ஆள் இருக்கு” என்றார் விதானையார். பிறகு அவரே போய்க் கதிரைக்குப் பின்னால் நின்று, ஈரக் கையை அதன் முதுகில் வைத்தார். “சேர், இப்ப நான் பழைய மிஸ். கேளுங்கோ. இவை ரெண்டு பகுதியும் அடிபடாமல் நிக்கிறதை இந்தத் திட்டு இண்டைக்குத்தான் காணுது. நீங்கள் ஓம் எண்டு சொல்லாட்டி, பின்னேரம் பெக்கோ வரும். பெக்கோ வந்தா பெட்டிசமும் வரும். ரெண்டு வரும்.”

புது அதிகாரி சிரித்துவிட்டார். குடைக்குள் வைத்து ஒப்பமும் வைத்தார்.

முதல் வெட்டை யார் வெட்டுவது என்று ஒரு சின்னச் சண்டை வந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு மண்வெட்டி ஒன்றாக விழுந்தது. ஒரு ஆள் தாண்டக்கூடிய அகலத்தில் வாய்க்கால் கடல்வரை போனது. தண்ணீர் முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஒரு நூல் போல, பிறகு ஒரு கயிறு போல நடந்து போனது. ஓடவில்லை. நடந்தது! சனம் பார்த்துக்கொண்டே நின்றது. நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலின் ஓரத்தைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினார், அது அகலாமல் இருக்க. நான் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து மிஸ்ஸுக்கு அனுப்பினேன்.

உடனே குரல் செய்தி வந்தது. சுற்றி நின்றவர்கள் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டேன். முதலில் ஒரு விம்மல். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு அவருடைய அந்தக் குரல்:

“எல்லாம் சரி தங்கச்சி. ஆர் வரேல்லை?”

“எல்லாரும் வந்தாச்சு மிஸ்!” என்று விதானையார் போனைப் பார்த்துச் சத்தம் போட்டார், அவருக்குக் கேட்காது என்பதை மறந்து.

நானும் அப்படித்தான் நினைத்தேன். திரும்பிப் போகும்போது மதகடியில் ஸ்கூட்டியை மெதுவாக்கினேன். அவர்கள் வழமையாக நிற்கிற சேறு தண்ணீருக்குக் கீழே கிடந்தது. மட்டி பொறுக்குகிற பெண்கள் ரோட்டோரத்தில் வெறும் வாளிகளோடு, தண்ணீர் எப்போது வற்றும் என்று பார்த்தபடி நின்றார்கள். தண்ணீர் ஏறினால் அவர்களுக்குத் தொழில் இல்லை. அந்தச் சிவப்புக் கோட்டை எந்த உயரத்தில் கீறுவது என்று நாங்கள் அவர்களிடம் கேட்டதே இல்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை. இவ்வளவு நாளும் இந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் இரண்டு பேரும் கை மட்டும் காட்டியிருக்கிறோம்.

என் கை பழக்கத்தில் மேலே எழும்பியது. இறக்கினேன். ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு முகத்துவாரத்துக்கு ஓடினேன்.

“எங்க புள்ள கொண்டு போறீங்க?” என்றார் நானா, நான் கதிரையைத் தூக்கும்போது.

“ஆள் வரேல்லை நானா!”

கதிரையை முன்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டுவது லேசான வேலையில்லை. மதகடியில் இறக்கி வைத்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“என்ன பிள்ளை இது?”

“கதிரை அக்கா. உங்களுக்குத்தான்.”

முன்னால் நின்ற அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, பாதி இருந்து பார்த்தார். நூல் கட்டின கால் நனைந்த மண்ணில் ஒரு பக்கம் தாழ்ந்தது. எழும்பிச் சிரித்தார்.

“இது எங்களைத் தாங்காது. நீங்கள் இருங்கோ பிள்ளை. நாங்கள் நிண்டு கதைக்கிறம், சொல்லக் கனக்கக் கிடக்கு.”